உங்களுக்குத் தெரியுமா? உச்சியில் இருப்பவருக்குப் பட்டாளம் இல்லை!

✦ இந்தியாவின் மிக மூத்த ராணுவ அதிகாரி முப்படைகளின் தலைமைத் தளபதி. ஆனால் அவர் நினைத்த மாத்திரத்தில் ஒரு பட்டாலியனை எல்லைக்கு அனுப்பிவிட முடியாது. ஒரு போர்க்கப்பலைத் துறைமுகத்திலிருந்து கிளப்ப முடியாது. ஒரு போர் விமானத்தை வானில் ஏற்ற முடியாது. 2019 டிசம்பர் 24 அன்று மத்திய அமைச்சரவை இந்தப் பதவிக்கு ஒப்புதல் தந்தபோதே, முப்படைத் தளபதிகள் உட்பட யார் மீதும் அவருக்குப் படை நடத்தும் அதிகாரம் கிடையாது என்று அரசு சொல்லிவிட்டது. இணையவெளி, விண்வெளி தொடர்பான கூட்டு அமைப்புகள் மட்டும் நேரடியாக அவர் கையில்.

✦ அப்படியானால் அவருக்கு என்ன வேலை? நிறைய. முப்படைக்கும் பொதுவான விஷயங்களில் பாதுகாப்பு அமைச்சருக்கு அவரே முதன்மை ராணுவ ஆலோசகர். மூன்று தளபதிகளும் அமரும் குழுவுக்கு நிரந்தரத் தலைவர். பாதுகாப்பு அமைச்சகத்தில் ஐந்தாவதாக உருவான ராணுவ விவகாரத் துறைக்குச் செயலாளர். பதவி உயர்வு, பயிற்சி, அன்றாடக் கொள்முதல் எல்லாம் இந்தத் துறையில் வருகின்றன. போர் விமானம், நீர்மூழ்கி போன்ற பெரிய மூலதனக் கொள்முதல் அவரிடம் இல்லை. அது ஐ.ஏ.எஸ். அதிகாரியான பாதுகாப்புச் செயலாளரின் துறையிலேயே இருக்கிறது. ஆனால் எதை முதலில் வாங்க வேண்டும், எதைத் தள்ளிப் போடலாம் என்று முப்படைகளின் தேவைகளை வரிசைப்படுத்திச் சொல்வது இவர் பொறுப்பு. மூன்று படைகளும் ஒரே நிதியிலிருந்து பங்கு கேட்கும் நாட்டில், அந்த வரிசையைப் போடுவது சிறிய அதிகாரம் அல்ல.

✦ தலைமைத் தளபதிக்கு மற்ற மூன்று தளபதிகளைவிட ஒரு நட்சத்திரம்கூட அதிகம் கிடையாது. அவரும் நான்கு நட்சத்திர அதிகாரிதான். சம்பளமும் ஒன்றுதான்: ஏழாவது ஊதியக்குழுவின்படி மாதம் 2.5 லட்சம் ரூபாய் அடிப்படை ஊதியம். சமமானவர்களுள் முதல்வர், அவ்வளவே. ஒரு வித்தியாசம் வயதில் இருக்கிறது. மற்ற தளபதிகள் 62 வயதிலோ மூன்று ஆண்டு முடிந்ததுமோ, எது முந்தியோ அப்போது ஓய்வு பெற வேண்டும். தலைமைத் தளபதி 65 வயது வரை இருக்கலாம்.

✦ நாட்டின் மரியாதை வரிசைப் பட்டியலில் முப்படைத் தளபதிகளின் இடம் 12. அமைச்சரவைச் செயலாளர் அவர்களுக்கு ஒரு படி மேலே, 11-இல் இருக்கிறார். ராணுவ வட்டாரத்தில் இதைப் பற்றி நெடுங்காலமாக மனத்தாங்கல் உண்டு. அது ஏன் என்று புரிய, அவர்கள் எந்த உயரத்திலிருந்து இறங்கி வந்தார்கள் என்று பார்க்க வேண்டும்.

✦ பிரிட்டிஷ் ஆட்சியில் இந்தியாவின் படைத்தலைவர் வைஸ்ராய்க்கு அடுத்த நிலையில் வைத்து மதிக்கப்பட்டவர். வைஸ்ராயின் நிர்வாக சபையில் உறுப்பினர். அதாவது தளபதியும் அவரே, இன்றைய கணக்கில் பாதுகாப்பு அமைச்சரும் ஏறக்குறைய அவரே. புது தில்லியில் வைஸ்ராய் மாளிகைக்குத் தெற்கே அவருக்கென்று ஃப்ளாக்ஸ்டாஃப் ஹவுஸ் என்ற மாளிகை 1930-இல் எழுந்தது. விடுதலைக்குப் பின் 1948-இல் அதில் குடியேறியவர் ஜவாஹர்லால் நேரு. அதுதான் தீன் மூர்த்தி பவன். படைத்தலைவர் வாழ்ந்த வீட்டில், மக்கள் தேர்ந்தெடுத்த பிரதமர் தம் இறுதி நாள் வரை வாழ்ந்தார். புதிய குடியரசில் யார் யாருக்குக் கட்டுப்பட்டவர் என்பதைத் தில்லிக்கு இதைவிடத் தெளிவாகச் சொல்லியிருக்க முடியாது.

✦ ஒரு படைத்தலைவரோடு மோதி வைஸ்ராயே பதவி விலகிய கதையும் உண்டு. 1902-இல் படைத்தலைவராக வந்த கிச்னர் பிரபு, வைஸ்ராயின் சபையில் தம்மைத் தவிர இன்னொரு ராணுவ உறுப்பினர் இருப்பதை ஏற்கவில்லை. ராணுவ விஷயத்தில் வைஸ்ராய்க்கு இரண்டாவது ஆலோசனை தேவையே இல்லை என்றார். எல்லா அதிகாரத்தையும் ஒரே தளபதியிடம் குவிப்பது ஆபத்து என்றார் கர்சன் பிரபு. லண்டன் கிச்னர் பக்கம் சாய்ந்தது. 1905 ஆகஸ்டில் கர்சன் விலகினார். வங்கத்தைப் பிளந்த கர்சனை நாம் எதற்காகவும் கொண்டாட வேண்டியதில்லை. ஆனால் இந்த ஒரு விவாதத்தில் நியாயம் அவர் பக்கம்தான் இருந்தது.

✦ இந்திய ராணுவத்தின் தொடக்கத்தைத் தேடிப் போனால் கடலூருக்கு வந்து சேர்வோம். 1748-இல் கிழக்கிந்தியக் கம்பெனி தன் படைகள் அனைத்துக்கும் தலைவராக மேஜர் ஸ்டிரிங்கர் லாரன்ஸை நியமித்தது. அவர் வந்து இறங்கிய இடம் கடலூரின் புனித டேவிட் கோட்டை. சென்னைக் கோட்டை அப்போது பிரெஞ்சுக்காரர் வசம் இருந்தது. சிதறிக் கிடந்த காவல் ஆட்களைக் கம்பெனிகளாகப் பிரித்துப் பயிற்சி தந்து முறையான படையாக்கியவர் அவர். இந்திய ராணுவத்தின் தந்தை என்று ஆங்கிலேயர் எழுதி வைத்தது இவரைத்தான்.

✦ ஒரு தளபதி எதில் கையெழுத்திடுகிறார் என்பதற்கு எத்தனை உயிர் விலையாகும்? வேலூருக்குப் போய்ப் பாருங்கள். அப்போது சென்னை, வங்கம், பம்பாய் மூன்றுக்கும் தனித்தனிப் படைகள் இருந்தன. சென்னைப் படையின் தலைவர் சர் ஜான் கிரடாக். 1805 நவம்பரில் அவர் தலைமையகத்திலிருந்து ஓர் உடை ஒழுங்கு உத்தரவு வந்தது. பணியில் இருக்கும்போது நெற்றியில் சமயக்குறி கூடாது. காதில் கடுக்கன் கூடாது. தாடியை மழிக்க வேண்டும், மீசையைத் திருத்த வேண்டும். பழைய தலைப்பாகைக்குப் பதில், தோலால் செய்த பூச்செண்டு வைத்த புதுத் தலைப்பாகை அணிய வேண்டும். பார்ப்பதற்கு அது வெள்ளைக்காரரின் தொப்பி போல இருந்தது. இந்துச் சிப்பாய்களுக்கும் முஸ்லிம் சிப்பாய்களுக்கும் ஒரே உத்தரவில் இதைவிடப் பெரிய அவமதிப்பைச் செய்ய முடியாது.

மறுத்தவர்களுக்கு நூற்றுக்கணக்கில் கசையடி விதிக்கப்பட்டது. முறையீடுகள் மேலே போகப் போக அலட்சியம்தான் திரும்பி வந்தது. 1806 ஜூலை 10 விடியுமுன் வேலூர்க் கோட்டை வெடித்தது. நூற்றுக்கும் மேற்பட்ட ஐரோப்பியர் இறந்தனர். ஆர்க்காட்டிலிருந்து கில்லஸ்பி குதிரைப்படையோடு பாய்ந்து வந்து கோட்டையை மீட்டபோது நூற்றுக்கணக்கான இந்தியச் சிப்பாய்கள் கொன்று குவிக்கப்பட்டனர். பிறகு உத்தரவு ரத்தானது. ஆளுநர் வில்லியம் பென்டிங்க், தளபதி கிரடாக் இருவரையும் லண்டன் திரும்ப அழைத்துக்கொண்டது. பென்டிங்க் பின்னாளில் கவர்னர் ஜெனரலாகவே திரும்பி வந்தார். கோட்டையில் மாண்ட சிப்பாய்களில் பெரும்பாலோரின் பெயர்கூட நமக்குத் தெரியாது. படைத்தலைமையைப் பற்றிப் படிக்கும் ஒவ்வோர் அதிகாரிக்கும் முதல் பாடமாக இந்தச் சம்பவத்தை வைக்கலாம். மேலிருப்பவர் கீழிருந்து வரும் குரலைக் கேட்க மறுத்ததுதான் அங்கே நடந்தது.

✦ விடுதலை கிடைத்த அன்று இந்தியப் படைகளின் தலைவர்கள் இந்தியர்கள் அல்லர்! 1947 ஆகஸ்ட் 15 அன்று தரைப்படைக்குத் தலைமை ஏற்றவர் ஜெனரல் ராப் லாக்ஹார்ட். அடுத்து ராய் புச்சர். 1949 ஜனவரி 15 அன்றுதான் குடகைச் சேர்ந்த கே.எம். கரியப்பா அந்த நாற்காலியில் அமர்ந்தார். அந்த நாளைத்தான் ஆண்டுதோறும் ராணுவ தினமாகக் கொண்டாடுகிறோம். விமானப்படைக்கு 1954-இல் சுப்ரதோ முகர்ஜி வந்தார். கடற்படை இன்னும் காத்திருந்தது. 1958 ஏப்ரல் 22 அன்று வைஸ் அட்மிரல் ஆர்.டி. கட்டாரி பொறுப்பேற்றபோதுதான் மூன்று படைகளும் முழுமையாக இந்தியர் கைக்கு வந்தன.

✦ அந்தக் கட்டாரி பிறந்தது செங்கல்பட்டில். 1986 முதல் 1988 வரை தரைப்படைத் தளபதியாக இருந்த ஜெனரல் கே. சுந்தர்ஜி பிறந்ததும் செங்கல்பட்டில். கவச வாகனங்களில் பாய்ந்து செல்லும் இயந்திரமயக் காலாட்படை இந்தியாவில் உருவாக முன்னின்றவர் சுந்தர்ஜி. அணு ஆயுதக் காலத்தில் போர் எப்படி இருக்கும் என்று, நாடு அதைப் பற்றிப் பேசத் தயங்கிய காலத்திலேயே யோசித்து எழுதியவர். கடற்படைக்கு ஒரு தளபதியும் தரைப்படைக்கு ஒரு தளபதியும் கொடுத்த செங்கல்பட்டு, இவர்களை இன்னும் கொஞ்சம் உரக்கச் சொல்லிப் பெருமைப்படலாம்.

✦ 1955 வரை மூன்று படைத்தலைவர்களுக்கும் கமாண்டர் இன் சீஃப் என்றே பட்டம். நாடாளுமன்றம் அந்த ஆண்டு ஒரு சிறிய சட்டம் இயற்றி, தரைப்படைத் தலைமை அதிகாரி, கடற்படைத் தலைமை அதிகாரி, விமானப்படைத் தலைமை அதிகாரி என்ற பொருள் தரும் பெயர்களாக மாற்றியது. அரசமைப்புச் சட்டத்தின் 53-ஆவது பிரிவின்படி படைகளின் உச்ச தலைமை குடியரசுத் தலைவரிடம் இருக்கிறது. அதைச் சட்டப்படியே பயன்படுத்த வேண்டும், அமைச்சரவையின் ஆலோசனைப்படியே நடக்க வேண்டும். ஆக, நாட்டுக்கு ஒரே உச்சத் தலைவர், அவரும் சீருடை அணியாதவர். பழைய பட்டத்தை வைத்திருந்த கடைசித் தரைப்படைத் தளபதியும் புதுப் பெயரைத் தாங்கிய முதல் தளபதியும் ஒருவரே: மகாராஜ் ராஜேந்திரசிங்ஜி ஜடேஜா.

✦ இதே காலத்தில் எல்லைக்கு அப்பால் என்ன நடந்தது? ஒரே ராணுவத்திலிருந்து பிரிந்த படை, ஒரே கல்லூரிகளில் படித்த அதிகாரிகள். 1958 அக்டோபரில் பாகிஸ்தானின் படைத்தலைவர் அயூப் கான் நாட்டின் ஆட்சியையே கைப்பற்றினார். இந்தியாவில் பட்டங்களைக் குறைத்து, அதிகாரத்தைப் பிரித்து, தளபதிகளைச் சட்டத்தின் வரம்புக்குள் வைத்த அந்தச் சலிப்பூட்டும் காகித வேலையின் அருமை அப்போதுதான் பலருக்கு உறைத்தது.

✦ நேருவிடம் ராஜினாமாக் கடிதம் கொடுத்த தளபதி யார் தெரியுமா? ஜெனரல் கே.எஸ். திம்மையா. பாதுகாப்பு அமைச்சர் வி.கே. கிருஷ்ண மேனனோடு ஒத்துப்போக முடியாமல் 1959 ஆகஸ்ட் 31 அன்று எழுதிக் கொடுத்தார். நேரு பேசிச் சமாதானப்படுத்தினார், கடிதம் திரும்பப் பெறப்பட்டது. செய்தி வெளியே கசிந்ததும் நாடாளுமன்றம் அமளியானது. அமைச்சருக்கும் படைக்கும் இடையே விழுந்த விரிசலை யாரும் சரி செய்யவில்லை. மூன்று ஆண்டுகளில் சீனப் போர் வந்தது. திம்மையா ஓய்வுக்குப் பின் ஐ.நா. அமைதிப்படைக்குத் தலைமை ஏற்று சைப்ரஸ் போனார், 1965 டிசம்பரில் அங்கேயே காலமானார். அவர் நினைவாக சைப்ரஸ் அஞ்சல்தலை வெளியிட்டது.

✦ தளபதி வீட்டில் ஒரு கம்யூனிஸ்ட் அல்ல, இருவர்! 1966 முதல் 1969 வரை தரைப்படைத் தளபதியாக இருந்த ஜெனரல் பி.பி. குமாரமங்கலம் நாமக்கல் பகுதியின் குமாரமங்கலம் ஜமீன் குடும்பத்துப் பிள்ளை. தந்தை டாக்டர் ப. சுப்பராயன், சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக 1926 முதல் 1930 வரை இருந்தவர். தம்பி மோகன் குமாரமங்கலமும் தங்கை பார்வதி கிருஷ்ணனும் கம்யூனிஸ்ட் இயக்கத்தின் முன்னணித் தலைவர்களாக வளர்ந்தவர்கள். மோகன் பின்னாளில் இந்திரா காந்தி அமைச்சரவையில் எஃகுத் துறை அமைச்சரானார். பார்வதி கோவையிலிருந்து மக்களவைக்குப் போனார்.

சீனப் போர் முடிந்து நான்கே ஆண்டு ஆகியிருந்த நேரத்தில், இப்படியொரு குடும்பத்தவரை ராணுவத்தின் தலைமையில் அமர்த்த நாடு தயங்கவில்லை. தயங்க வேண்டிய காரணமும் இல்லை. இரண்டாம் உலகப் போரில் வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் பீரங்கிப் படையோடு நின்று போராடி வீரப் பதக்கம் பெற்றவர். எதிரியிடம் சிறைப்பட்டு, தப்பி, மறுபடி பிடிபட்டவர். 1967-இல் நாதுலாவில் சீனப் படைக்கு இந்தியா உறுதியாகப் பதிலடி கொடுத்தது அவர் பதவியில் இருந்தபோதுதான். தமிழ்நாட்டுப் பள்ளிப் பிள்ளைகளிடம், 1971 போரின்போது தரைப்படைத் தளபதியாக இருந்த மானெக்‌ஷா பெயரைச் சொன்னால் தெரிகிறது. அவருக்கு முன் அந்த நாற்காலியில் இருந்தவர் நம் ஊர்க்காரர் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

✦ இந்தியத் தளபதி ஒருவர் செய்த மிகப் பெரிய காரியம் எது என்று என்னைக் கேட்டால், ‘இப்போது முடியாது’ என்று சொன்னதுதான் என்பேன். 1971 ஏப்ரல். கிழக்கு வங்கத்திலிருந்து அகதிகள் லட்சக்கணக்கில் எல்லை தாண்டி வந்துகொண்டிருந்தார்கள். உடனே படையெடுக்க வேண்டும் என்ற குரல் தில்லியில் பலமாக இருந்தது. தரைப்படைத் தளபதி சாம் மானெக்‌ஷா அமைச்சரவைக் கூட்டத்தில் மறுத்தார். மழைக்காலம் தொடங்கினால் கிழக்கு வங்கத்தின் ஆறுகள் கடலாகும். இமயக் கணவாய்கள் திறந்திருக்கும் கோடையில் சீனா குறுக்கிடலாம். படைப்பிரிவுகள் தொலைவில் சிதறிக் கிடக்கின்றன, டாங்கிகள் தயாராக இல்லை. இப்போது போனால் தோற்போம் என்றார். பதவி விலகவும் தயார் என்று பிரதமர் இந்திரா காந்தியிடம் கூறியதாக அவரே பின்னாளில் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். பிரதமர் உண்மையிலேயே ஏப்ரலில் போரை விரும்பினாரா என்பதில் வரலாற்றாசிரியர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. தயாரிப்புக்கு நேரம் கேட்கப்பட்டது, கொடுக்கப்பட்டது என்பதில் சந்தேகமில்லை.

டிசம்பர் 3 அன்று பாகிஸ்தானோடு போர் மூண்டது. 13 நாளில் முடிந்தது. டாக்காவில் சரணாகதிப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கியவர் கிழக்குப் பிராந்தியத் தளபதி ஜக்ஜித் சிங் அரோரா. மானெக்‌ஷா அங்கே போகவில்லை, தில்லியிலேயே இருந்தார். களத்தில் நின்றவருக்குரிய இடம் களத்தில் நின்றவருக்கே கிடைத்தது.

✦ இந்தியாவில் ஐந்து நட்சத்திரம் பெற்றவர்கள் மூவர்தான். மானெக்‌ஷா 1973 ஜனவரியில் ஃபீல்டு மார்ஷல் ஆனார். கரியப்பா ஓய்வு பெற்றுப் பல ஆண்டுகள் கழித்து 1986-இல். விமானப்படையின் அர்ஜன் சிங் 2002-இல். கடற்படையில் இதுவரை ஒருவரும் இல்லை. இவர்களுக்கு ஓய்வு கிடையாது. இறக்கும் வரை பணியில் இருப்பவராகவே கணக்கு.

✦ மானெக்‌ஷா குன்னூரில் குடியேறி நீலகிரிக்காரராகவே வாழ்ந்தார். 2008 ஜூன் 27 அன்று வெலிங்டன் ராணுவ மருத்துவமனையில் காலமானார். உதகையின் பார்சி இடுகாட்டில் அடக்கமானார். பணியில் இருப்பவராகவே கருதப்படும் ஒரு ஃபீல்டு மார்ஷலின் இறுதிச் சடங்குக்குக் குடியரசுத் தலைவரோ பிரதமரோ பாதுகாப்பு அமைச்சரோ நேரில் வரவில்லை. இணை அமைச்சர் ஒருவர்தான் வந்தார். போரில் பல குண்டுகளை உடலில் வாங்கியும் பிழைத்துத் திரும்பிய வீரருக்கு அது போதாது.

✦ உலகில் எல்லா நாட்டிலும் எப்போதும் ஒரு ஜெனரல் இருப்பாரா? சுவிட்சர்லாந்தில் இருக்க மாட்டார். அமைதிக் காலத்தில் அந்தப் பட்டமே காலியாக இருக்கும். போர் சூழும்போது நாடாளுமன்றம் கூடி வாக்களித்து ஒருவரை ஜெனரலாகத் தேர்ந்தெடுக்கும். ஆபத்து நீங்கியதும் பட்டம் போய்விடும். 1848-இல் புதிய அரசமைப்பு வருவதற்குச் சற்று முன்பு தொடங்கி இன்றுவரை பெயர் சொல்லும்படி நால்வர்தான்: தூஃபூர், ஹெர்ஸோக், வில்லே, கிசான். கடைசியாக ஆன்ரி கிசானை 1939 ஆகஸ்ட் 30 அன்று தேர்ந்தெடுத்தார்கள். இரண்டு நாளில் இரண்டாம் உலகப் போர் தொடங்கியது.

✦ அமெரிக்காவின் மிக மூத்த ராணுவ அதிகாரி கூட்டுப் படைத் தலைவர்கள் குழுவின் தலைவர். அவரும் எந்தப் படைக்கும் கட்டளையிடக் கூடாது என்று அந்நாட்டுச் சட்டமே தடுக்கிறது. கட்டளை அதிபரிடமிருந்து பாதுகாப்புச் செயலருக்கும், அவரிடமிருந்து நேராகக் களத் தளபதிகளுக்கும் போகும். இஸ்ரேலில் நேர்மாறு: தரை, கடல், வான் மூன்றும் ஒரே தலைமை அதிகாரியின் கீழ். அந்த உயர் பட்டம் ஒரு நேரத்தில் பணியில் இருக்கும் ஒருவருக்கே உண்டு.

✦ இலங்கையில் தலைமைத் தளபதி பதவி ஒரு மனிதரை ஓரங்கட்டப் பயன்பட்டது. முள்ளிவாய்க்காலில் பல்லாயிரம் தமிழர்களின் உயிரைக் குடித்த இறுதிப் போரை நடத்திய ராணுவத் தளபதி சரத் பொன்சேகா. 2009 மே மாதம் போர் முடிந்தது. ஜூலையில் அவரைப் பாதுகாப்புப் படைகளின் பிரதானி ஆக்கினார்கள். தகுதியில் உயர்வு, ஆனால் படை கையில் இல்லை. நவம்பரில் விலகினார். 2010 ஜனவரியில் மகிந்த ராஜபக்சவை எதிர்த்து அதிபர் தேர்தலில் நின்று தோற்றார், அடுத்த மாதமே கைதானார். 2015-இல் புதிய அரசு அவருக்கு ஃபீல்டு மார்ஷல் பட்டம் தந்தது. அந்தப் போரில் தமிழ் மக்களுக்கு நேர்ந்ததற்கு மட்டும் இன்றுவரை எவரும் பொறுப்பேற்கவில்லை.

✦ இந்தியாவில் அரசால் பதவி நீக்கப்பட்ட முதல் தளபதி அட்மிரல் விஷ்ணு பகவத். 1998 டிசம்பர் 30. துணைத் தளபதி நியமனம் ஒன்றில் அமைச்சரவையின் முடிவை அவர் ஏற்க மறுத்தார்.

தாமாக விலகியவரும் உண்டு. 2014 பிப்ரவரி 26 அன்று ஐ.என்.எஸ். சிந்துரத்னா நீர்மூழ்கியில் புகை மூண்டு இரு அதிகாரிகள் இறந்தனர். அதற்கு ஆறு மாதம் முன்புதான் ஐ.என்.எஸ். சிந்துரக்‌ஷக் வெடித்து 18 பேர் மாண்டிருந்தனர். கடற்படைத் தளபதி அட்மிரல் டி.கே. ஜோஷி அன்றைக்கே தார்மிகப் பொறுப்பேற்று ராஜினாமா செய்தார். அரசும் அன்றைக்கே ஏற்றுக்கொண்டது. பழைய நீர்மூழ்கிகளுக்கு மாற்று வாங்கித் தராத மற்ற மேசைகளில் ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

✦ இந்தியத் தரைப்படைத் தளபதிக்கு இன்னொரு நாட்டின் ராணுவத்திலும் ஜெனரல் பட்டம் உண்டு. நேபாள ராணுவத்தின் கௌரவ ஜெனரல். நேபாளத் தளபதி இங்கே கௌரவ ஜெனரல். 1950-இல் கரியப்பா காலத்தில் தொடங்கிய வழக்கம் இது.

✦ அணு ஆயுதப் பொத்தான் தளபதி கையில் இருக்கிறதா? இல்லை. 2003 ஜனவரியில் அரசு அறிவித்த ஏற்பாட்டின்படி, பிரதமர் தலைமையிலான அரசியல் குழு மட்டுமே அணு ஆயுதத்தைப் பயன்படுத்த உத்தரவிட முடியும். முப்படைகளின் தலைமைத் தளபதி அந்த அமைப்பின் ராணுவ ஆலோசகர்.

✦ இந்தப் பதவிக்கான சிந்தனையில் திருச்சியில் பிறந்த ஒருவரின் பங்கு பெரிது. கே. சுப்ரமணியம். ஐ.ஏ.எஸ். அதிகாரி, இந்தியாவின் பாதுகாப்புச் சிந்தனையாளர்களில் முதன்மையானவர். இன்றைய வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கரின் தந்தை. 1999 கார்கில் போருக்குப் பின் அமைந்த ஆய்வுக் குழுவுக்கு அவர் தலைவர். பிரிட்டிஷ் பிரபு இஸ்மே 1947-இல் வரைந்து கொடுத்த குழு முறையை ஐம்பது ஆண்டாக மாற்றாமல் வைத்திருக்கிறீர்கள் என்று அந்தக் குழு எடுத்துச் சொன்னது. அந்த முறையில் மூன்று தளபதிகளில் மூத்தவர் குழுத் தலைவராவார். தன் படையையும் பார்த்துக்கொண்டு, மீதி நேரத்தில் முப்படையையும் பார்க்க வேண்டும். சிலருக்கு அந்தத் தலைமை சில மாதங்களே கிடைக்கும். ஒரு படை திட்டமிடுவது இன்னொரு படைக்குத் தாமதமாகத் தெரியும். 1962-இல் நம் போர் விமானங்கள் தரையிலேயே நின்றதும், கார்கிலின் முதல் நாள்களில் தரைப்படைக்கும் விமானப்படைக்கும் இடையே நடந்த இழுபறியும் இந்த முறையின் காலத்தில் நடந்தவை.

அதைத் தொடர்ந்து அமைந்த அமைச்சர்கள் குழு 2001-இல் தலைமைத் தளபதி பதவியை வெளிப்படையாகப் பரிந்துரைத்தது. அரசு பிற சீர்திருத்தங்களை ஏற்று, இதை மட்டும் கட்சிகளோடு பேசி முடிவு செய்யலாம் என்று ஒதுக்கி வைத்தது. தலைவர் இல்லாமலே அவருக்கான அலுவலகம் மட்டும் அதே ஆண்டில் திறக்கப்பட்டது! 2012-இல் நரேஷ் சந்திரா குழு, தளபதிகள் குழுவுக்கு நிரந்தரத் தலைவர் ஒருவரை நியமிக்கப் பரிந்துரைத்தது. 2019 ஆகஸ்ட் 15 அன்று செங்கோட்டையில் பிரதமர் மோடி அறிவிக்கும் வரை, 18 ஆண்டுகள் அந்த அலுவலகம் தன் தலைவருக்காகக் காத்திருந்தது. ஒரு தளபதியிடம் அதிகாரம் குவிந்துவிடுமோ என்ற அச்சம் அரசியல்வாதிகளுக்கு. தங்கள் பிடி தளருமோ என்ற கவலை அதிகாரிகளுக்கு. தரைப்படை தங்களை விழுங்கிவிடுமோ என்ற சந்தேகம் மற்ற இரு படைகளுக்கு. முதல் அச்சத்தை நான் மதிக்கிறேன். மற்ற இரண்டுக்காக நாட்டை 18 ஆண்டுகள் காக்க வைத்திருக்க வேண்டியதில்லை.

✦ முதல் தலைமைத் தளபதியாக ஜெனரல் பிபின் ராவத் 2020 ஜனவரி 1 அன்று பொறுப்பேற்றார். 2021 டிசம்பர் 8 அன்று சூலூரிலிருந்து வெலிங்டன் பயிற்சிக் கல்லூரிக்கு அவரை ஏற்றிச் சென்ற எம்.ஐ.-17 ஹெலிகாப்டர் குன்னூர் அருகே நஞ்சப்பசத்திரத்தில் விழுந்து எரிந்தது. அவர், மனைவி மதுலிகா உட்பட 13 பேர் அன்றே இறந்தனர். உயிரோடு மீட்கப்பட்ட குரூப் கேப்டன் வருண் சிங் ஒரு வாரத்தில் காலமானார். போர்வையும் குடத்துத் தண்ணீருமாக முதலில் ஓடி வந்தவர்கள் அந்தச் சிற்றூர் மக்கள். எரிவது யார் வந்த ஹெலிகாப்டர் என்று அவர்களுக்குத் தெரியாது.

✦ 18 ஆண்டு பேசி உருவாக்கிய பதவி அதன் பிறகு ஒன்பது மாதத்துக்கு மேல் காலியாகவே கிடந்தது. 2022 ஜூனில் விதியை மாற்றினார்கள்: 62 வயதுக்கு உட்பட்ட, ஓய்வு பெற்ற லெப்டினன்ட் ஜெனரல் நிலை அதிகாரிகளையும் நியமிக்கலாம். அப்படித்தான் 2021-இல் ஓய்வு பெற்றிருந்த அனில் சௌஹான் 2022 செப்டம்பர் 30 அன்று நான்கு நட்சத்திரத்தோடு திரும்பி வந்தார். ஓய்வுக்குப் பின் இப்படி ஜெனரல் ஆனவர் இந்தியாவில் அவரே முதல்வர். தேர்வு செய்யும் வட்டத்தை அகலமாக்குவது நல்லதுதான். ஆனால் ஒரு நாள்கூட ஒரு படைக்குத் தலைமை வகிக்காதவர், படைத் தளபதிகள் மூவருக்கும் முன்னே அமர்வது சரியா என்ற கேள்வி ராணுவத்துக்குள்ளேயே எழுந்தது. அது நியாயமான கேள்வி.

✦ அந்தமானில் 2001-இல் முப்படையும் சேர்ந்த முதல் கூட்டுப் பிராந்தியம் அமைந்தது. ஆனால் அங்கே தரைப்படையைச் சேர்ந்த தளபதி, தன் கீழ் வேலை செய்யும் மாலுமி ஒருவர் தவறு செய்தால் தண்டிக்க முடியாமல் இருந்தது. மூன்று படைக்கும் மூன்று தனிச் சட்டங்கள் இருப்பதால், மாலுமியைக் கடற்படையிடமே திருப்பி அனுப்ப வேண்டியிருந்தது. இதைச் சரி செய்யும் சட்டம் 2023-இல்தான் நிறைவேறியது, 2024 மே மாதம் நடைமுறைக்கு வந்தது.

✦ மூன்று படைகளுக்கும் பொதுவான ஒரு காகித உத்தரவு போடுவதற்குக்கூட 2025 ஜூன் வரை தலைமைத் தளபதிக்கு அதிகாரம் இல்லை. அதுவரை ஒவ்வொரு படையும் தனித்தனியாக உத்தரவு வெளியிட்டது. அந்த மாதம் பாதுகாப்பு அமைச்சர் ராஜ்நாத் சிங் இதற்கான அனுமதியைத் தந்தார். நாட்டை முப்படைக் கூட்டுப் பிராந்தியங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் தரை, கடல், வான் படைகளை ஒரே தளபதியின் கீழ் கொண்டுவரும் பெரிய வேலைக்கான முன்னேற்பாடுகளில் இதுவும் ஒன்று.

✦ பதவியிலிருந்து இறங்கிய பிறகு? முப்படைகளின் தலைமைத் தளபதியாக இருந்தவர் அதன் பின் அரசின் எந்தப் பதவியையும் வகிக்க முடியாது. அரசின் முன் அனுமதி இல்லாமல் ஐந்து ஆண்டுகளுக்குத் தனியார் வேலைக்கும் போகக் கூடாது. ஆளுநர் பதவியையோ ஆயுத நிறுவனத்தின் நாற்காலியையோ மனத்தில் வைத்துக்கொண்டு ஒருவர் அமைச்சருக்கு ஆலோசனை சொல்லக் கூடாது என்பதற்கான ஏற்பாடு இது. இதே நிபந்தனையை மற்ற மூன்று தளபதிகளுக்கும் விரித்தால் நல்லது.